நான்கு வினாடிக்கு ஒரு விரல்

போன மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு ஒரு பல் மருத்துவரும் அவர் மனைவியும் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் கறுப்புப் பனியன் போட்டிருந்தார்கள். பனியனில் ஒரு வெளிநாட்டு இசைக்குழுவின் பெயர் எலும்பு எலும்பாக எழுதியிருந்தது. இந்த ஊரில் அந்தக் குழுவுக்கு ஒரு ரசிகர் மன்றம் இருக்கிறதாம். இருநூற்றுப் பதினான்கு பேர் உறுப்பினர்களாம். ஊரில் அந்தக் குழுவை முதன்முதலாகக் கேட்டது யார் என்று எழுதி ஒரு மலர் போடப் போகிறார்கள். பழைய ஃபோர்ஜ் தொழிற்சாலை ஆட்கள்தான் முதலில் கேட்டவர்கள் என்று எங்கோ காதில் விழுந்திருக்கிறது. அங்கே மருத்துவ அறையில் பதிவேடு எழுதியவன் நான் என்பதால் தேடிப்பிடித்து வந்துவிட்டார்கள்.

"வருஷமாவது ஞாபகம் இருக்குமா சார்?" என்று பல் மருத்துவர் தயங்கிக் கேட்டார்.

1982 பிப்ரவரி 11, வியாழக்கிழமை, பகல் 12.40 என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேதியோடு நிறுத்தாமல் அந்த முதல் ஆளைப் பற்றியும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மலரில் போடுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

அவர் இரண்டு டன் ஹாமரை இயக்கியவர். உலையில் வெள்ளையாகக் காய்ந்த இரும்புத் துண்டை ஒருவர் நீண்ட இடுக்கியால் பிடித்து அச்சின் மேல் வைப்பார். அவர் தலையை அசைத்ததும் இவர் ஹாமரின் நெம்புகோலை இழுப்பார். இரண்டு டன் எடை மேலிருந்து விழும். ஒரு துண்டுக்கு ஆறு அடி, ஒரு நாளைக்கு ஏறக்குறைய நானூறு துண்டு. 1974இல் இருபத்திரண்டு வயதில் இடுக்கி பிடிக்க வந்தவர், 1978இல் நெம்புக்கு உயர்ந்தார். அப்போது அவருக்கு இடுக்கி பிடிக்க வந்தது அவர் மனைவியின் தம்பி. மூன்றாவது ஆள் உலைக்காரர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், எதைப் பற்றியும் ஒரு கருத்து வைத்திருப்பவர்.

ஹாமர் பக்கத்தில் ஓசை நூற்றுப் பதினெட்டு டெசிபல். நானே மாதம் ஒருமுறை கருவியோடு போய் அளந்து எழுதுவேன். அங்கே பேச்சுக்கு இடமில்லை. அடி என்பதற்குத் தலையசைப்பு, நிறுத்து என்பதற்கு விசில். இடுக்கிக்காரருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்பதால் விசில் எப்போதும் பல்லிடுக்கில் இருக்கும்.

ஓய்வுக் கொட்டகையில் ஒரு ரேடியோ இருந்தது. அது கெட்டுவிட்டது என்று ஹாமர் ஆட்கள் மூன்று முறை புகார் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று முறையும் எடுத்து வந்து என் மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். நன்றாகப் பாடியது. "பழுது இல்லை" என்று மூன்று முறை எழுதினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

1981 மார்ச்சில் காது சோதிக்கும் கருவி வந்தது. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் ஆள் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே நான் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஓர் ஒலி கேட்கும். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கீழ்ச் சுருதியில் தொடங்கி மேல் சுருதி வரை ஆறு சுருதிகள். ஒவ்வொன்றிலும் பலமான ஒலியிலிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டே எட்டு ஒலிகள். நல்ல காது முதல் ஆறு ஒலிகளுக்கு விரலைத் தூக்கும், கடைசி இரண்டுக்குத் தூக்காது. இரும்படிக்கிற இடத்தில் முதலில் போவது ஐந்தாவது சுருதி. நாங்கள் அதை நாலாயிரம் என்போம். எண் ஏற ஏறக் காது மோசம்; அந்த இடத்தில் அறுபது என்று கார்டில் எழுதிவிட்டால் ஆளை ஹாமரிலிருந்து இறக்கி யார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யார்டு என்பது கழிவு இரும்பு கொட்டுகிற இடம். அங்கே ஒரே ஓர் ஆளுக்குத்தான் வேலை.

முதல் சோதனையில் அவருக்கு நாலாயிரத்தில் வலது ஐம்பது, இடது ஐம்பத்தைந்து. "கவனிக்க" என்று சிவப்பில் எழுதினேன். ஃபோர்மேன் அவரைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு ஐந்து ஏறினால் யார்டுதான் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போகாமல் யார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று காவலாளி சொன்னார்.

அடுத்த பிப்ரவரியில் மைத்துனர் பழைய சாமான் கடையில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். சல்லிசாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. மூடியின் பிளாஸ்டிக் மங்கிப்போயிருந்ததால் கேசட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியவில்லை. கொட்டகை மேசையில் வைத்து, என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஓட விட்டார்.

டிரம்ஸும் கிடாரும் ஒருவன் அலறலும் வந்தன. மைத்துனருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தி உடைத்தாவது கேசட்டை வெளியே எடுத்துவிடுவது என்று கிளம்பினார். எதிரே உட்கார்ந்திருந்த அவர் அக்காள் கணவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மேசை மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"விடு மாப்ளே. இது கேக்குது."

"கேக்காம என்ன மாமா, நாலு தெருவுக்குக் கேக்கும்."

"இல்லடா. இது கேக்குது."

அவர் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தது இவ்வளவுதான். ஏழெட்டு ஆண்டுகளாக எந்தப் பாட்டும் அவருக்குள் போகவில்லை. புல்லாங்குழலும் பெண் குரலும் எப்போதோ நின்றுவிட்டிருந்தன. ரேடியோ கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். இது மேசை வழியாகவும் மார்பெலும்பு வழியாகவும் உள்ளே போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை நான் வழக்கம்போல ஓசை அளக்கப் போனபோது கொட்டகையில் தொண்ணூற்றேழு காட்டியது. சென்ற மாதம் அறுபத்தெட்டு. கருவி கெட்டுவிட்டதோ என்று மறுபடி அளந்தேன். அதே தொண்ணூற்றேழு. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் "பாட்டு" என்று எழுதினேன்.

உலைக்காரர் இரண்டு வாரத்தில் ரசிகர் ஆனார். அவர் சொன்ன காரணத்தை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "மத்த பாட்டெல்லாம் கேட்டா வீட்டு ஞாபகம் வருது. இதக் கேட்டா ஒரு ஞாபகமும் வரல. நிம்மதியா இருக்கு." டிரம்ஸ் அடிப்பவன் ஒரு டன்னா இரண்டு டன்னா என்று அவர்களுக்குள் சர்ச்சை நடக்கும். அவன் ஒன்றரை டன்தான், ஆனால் ஆள் ஒழுங்கு என்று முடிவாயிற்று. குழுவின் பெயர் தெரியாததால் "சம்மட்டிக்காரங்க" என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து ஹாமர்களிலிருந்தும் ஆட்கள் வந்து வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரின் காது கார்டும் என் அலமாரியில் இருந்தது. நாலாயிரத்தில் நாற்பதுக்குக் கீழே ஒருவரும் இல்லை, ஒருவரைத் தவிர. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஹாமர்காரர் மேசையில் இரண்டு கை விரல்களாலும் கூடவே அடிப்பார். ஒரு மாதத்தில் ஒன்பது பாட்டின் ஒவ்வோர் அடியும் அவருக்கு மனப்பாடம். மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். நெடுநேரம் ஒன்றும் இருக்காது. பிறகு நாலு பேரும் ஒன்றாக விழுவார்கள். அந்த நொடியில் இவர் உள்ளங்கையும் மேசையில் விழும். ஒருமுறைகூட முந்தாது, பிந்தாது. மற்றவர்கள் கை தட்டுவார்கள். அப்போதுதான் "தாளம்" என்ற பெயர் அவருக்கு வந்தது. வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் அடித்துக்கொண்டிருப்பாராம். "நான் தொண்டை கிழியக் கத்தினா கேக்கல, அந்தப் பேய்க்கத்தல் மட்டும் எப்படிக் கேக்குது?" என்று அவர் மனைவி தம்பியிடம் கேட்டிருக்கிறார்.

1982 மார்ச் சோதனையில் தாளத்துக்கு நாலாயிரத்தில் இரண்டு காதும் இருபது. நல்ல காது. இரும்பு தின்ற காது திரும்பி வராது என்பது அந்த வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. இருந்தும், "சென்ற ஆண்டு சளி இருந்திருக்கலாம்" என்று கார்டின் ஓரத்தில் எழுதினேன். 83, 84, 85, 86. ஐந்து ஆண்டும் இருபது.

1986 ஜூலையில், கருவிகள் செய்யும் டூல்ரூமிலிருந்து ஒருவரை அச்சு பொருத்துவதற்காக ஹாமர் பக்கம் மாற்றினார்கள். டூல்ரூம் அமைதியான இடம். பதினைந்து ஆண்டு வேலை செய்தும் அவருக்குக் காது பழுதாகவில்லை. ஆகஸ்ட் 21ஆம் தேதி டேப் ரெக்கார்டரின் பெல்ட் நைந்துபோய் இழுக்க ஆரம்பித்தது. அவர் அதைப் பிரித்து வேறு பெல்ட் போட்டார். அப்படியே கேசட்டையும் வெளியே எடுத்துவிட்டார். நாலரை ஆண்டுக்குப் பிறகு குழுவின் பெயரைப் படித்தார்கள். இந்த வகைப் பாட்டுக்கு ஹெவி மெட்டல் என்று பெயர் என்றும் டூல்ரூம்காரர் சொன்னார்.

"கனமான இரும்பா?" என்றார் உலைக்காரர். "அப்ப நான் அப்பவே சொன்னது சரி. நம்ம ஆளுங்கதான்."

மாத அளவு எடுக்க நான் அன்று அங்கே நின்றிருந்தேன். கேசட்டைத் திரும்பப் போட்டு ஓட விட்டார்கள். தாளம் மேசையில் அடிக்கத் தொடங்கினார். டூல்ரூம்காரர் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லாம் அடிக்கிறீர்கள், அந்தத் தட்டை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று அவர் காதருகே கேட்டார்.

"என்ன தட்டு?"

"டிரம்ஸுக்கு மேல பித்தளைத் தட்டு தொங்குமே. ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் அதுல சன்னமா அடிச்சுக்கிட்டே இருக்கான் பாருங்க. அதுதான அழகு."

"ஜால்ரா அடிக்கிறதெல்லாம் ஆபீஸ் பக்கம்" என்றார் உலைக்காரர். அவருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்காது என்பது என் கார்டிலேயே இருந்தது. யாரோ சிரித்தார்கள். தாளம் சிரிக்கவில்லை. அவர் கை மேசைக்கு மேலே அப்படியே நின்றது. மைத்துனர் மாமாவின் கையைப் பார்த்தார். அவருக்குத் தட்டு முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறது. மாமாவுக்கு இருப்பது இரண்டே கை, அதனால்தான் தட்டை விட்டுவிடுகிறார் என்று நாலரை ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தாராம்.

பித்தளைத் தட்டின் ஓசை நாலாயிரத்துக்கு மேலே. விசிலும் ஏறக்குறைய அங்கேதான். நான் அளவை எழுதிக்கொண்டு என் அறைக்கு வந்து அவருடைய ஆறு கார்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் இடைவேளையில் அவரே வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்க, ரைட்டர் சார்."

கார்டு எல்லாம் பொய்யா என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

"கார்டு உங்களோடது. விரல் என்னோடது" என்றார். பிறகு காட்டினார். மேசை மேல் கையை வைத்து, ஆள்காட்டி விரலை ஆறு முறை தூக்கி இறக்கி, இரண்டு முறை சும்மா விட்டார். மறுபடி ஆறு, மறுபடி இரண்டு. நான் சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டேன். நான்கு வினாடிக்கு ஒரு விரல். கீழ்ச் சுருதி அவருக்கு நன்றாகக் கேட்கும். அதில் என் கையின் நடையைப் பிடித்துக்கொள்வார். மேல் சுருதிகளில் ஒன்றுமே கேட்காது. அந்த மூன்றாவது பாட்டில் எல்லாம் நின்ற இடத்தில் எண்ணிக்கொண்டே இருப்பதுபோல எண்ணிக்கொண்டே போவார். நாற்பத்தெட்டு ஒலி, ஒரு காதுக்கு மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி. ஐந்து ஆண்டில் நான் ஒரு வினாடி பிசகியிருந்தால் மாட்டியிருப்பார்.

"உங்க கை மாதிரி நிதானமான கை இந்த ஃபேக்டரியிலேயே கிடையாது சார். அந்த டிரம்ஸ்காரன்கூட ஏழாவது பாட்டுல ஒரு எடத்துல அவசரப்படுவான். நீங்க பட்டதே இல்ல."

புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அன்றுவரை யாரும் என் வேலையை அவ்வளவு கவனித்துப் பேசியதில்லை.

விசில் கேட்கிறதா என்று எழுதிக் காட்டினேன். விசில் தனக்குத் தேவைப்பட்டதே இல்லை, மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்துத்தான் நெம்பை இழுக்கிறேன் என்றார். மறு சோதனைக்கு ஃபோர்மேனுக்குக் கடிதம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். எழுதுங்கள், ஆனால் செப்டம்பர் பத்தாம் தேதி உலைக்காரர் ஓய்வு பெறுகிறார்; அதுவரை மூவரும் ஒன்றாக நின்றுவிடுகிறோம் என்றார்.

"ஹாமர்ல நின்னா நான் ஹாமர்காரன். எறங்கினா வெறும் செவிடன். பத்தொம்பது நாள்தான சார்."

அவர் போனதும் விபத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஹாமரில் எட்டு ஆண்டில் ஒரு விபத்தும் எழுதப்படவில்லை. அதை நம்பிக் கடிதத்தை எழுதினேன். செப்டம்பர் 11 என்று தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன். வராத தேதியைப் போட்டு நான் எழுதிய ஒரே தாள் அது.

செப்டம்பர் 4, வியாழக்கிழமை, காலை 11.20. அச்சில் தடவும் எண்ணெயில் அன்று புதுப் பீப்பாய் திறந்திருந்தார்கள். அது வழக்கத்தைவிட அதிகமாகப் புகைந்தது. மைத்துனர் துண்டை வைத்துத் தலையசைத்தார். துண்டு சரிந்தது. இடுக்கியால் நேர் செய்ய முடியாமல் கையை நீட்டினார். நீட்டக் கூடாது என்று விதி, எல்லாரும் நீட்டுவார்கள். நீட்டும்போதே விசில் ஊதினார். புகைக்குள் மாமாவின் முகம் தெரியவில்லை. இன்னொரு முறை ஊதினார். ஹாமர் விழுந்தது.

வலது கை, மணிக்கட்டுக்கு மேல் இரண்டு அங்குலம். எட்டு ஆண்டு வெறுமையாக இருந்த பக்கத்தில் நான்தான் எழுதினேன்.

மருத்துவமனையில் மைத்துனர் கொடுத்த வாக்குமூலம் நான்கு வரி. விசில் வாயில் இருந்தது, ஊத மறந்துவிட்டேன், தவறு என்னுடையது, மாமா மேல் தவறில்லை. அப்படியே அதை ஏற்றுக்கொண்டால் சொந்தக் கவனக்குறைவு என்று கணக்கு முடிந்துவிடும். ஒற்றைக் கையோடு அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், நஷ்ட ஈடும் கிடையாது. ஊதினேன் என்று சொன்னால், ஊதியும் அடித்த குற்றம் மாமாவுடையது. டூல்ரூம்காரர் விசிலை இரண்டு முறை தெளிவாகக் கேட்டவர்; உலைக்காரர் பக்கவாட்டில் நின்று ஊதுவதைப் பார்த்தவர். மைத்துனர் அவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஊதவில்லை என்று முழு மனதாக நம்பியது தாளம் ஒருவர்தான். அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லையே. மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன்டா ஊதல, ஒரு தடவை ஊதியிருக்கக் கூடாதா என்று கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறார். மைத்துனர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம்.

தாளத்தின் மனைவி ஒரு மதியம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி ஊதலைங்கிறான் சார். அவனுக்குச் சின்ன வயசுல இருந்து பொய் சொல்ல வராது. சொன்னா சுவத்தப் பாத்துக்கிட்டுத்தான் சொல்லுவான். இவருக்குக் காது கேக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

கார்டில் இருபது என்று இருக்கிறது என்றேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது.

"ஒரு பக்கம் கூடப் பொறந்தவன், ஒரு பக்கம் கட்டிக்கிட்டவர். யாரக் காப்பாத்துங்கன்னு உங்ககிட்ட கேக்கிறதுன்னு தெரியாமத்தான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விசாரணை செப்டம்பர் 29, திங்கட்கிழமை. மைத்துனர் கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்ட உலைக்காரரும் சாட்சியாக வந்திருந்தார். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர். கார்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இயக்கியவருக்குக் காது நன்றாக இருக்கிறது, அடிபட்டவரே ஊதவில்லை என்கிறார், பிறகென்ன என்றார். கார்டுகள் சரியானவைதானே என்று சடங்குக்கு என்னைக் கேட்டார்.

இழுப்பறையில் இருந்த கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தேதியைக் காட்டினேன். சரியா இல்லையா என்று நான் வாயால் சொல்ல வேண்டாம், ஆளை இப்போதே சோதித்துப் பார்க்கலாம் என்றேன்.

தாளம் தயங்காமல் அறைக்குள் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சோதனையில் தோற்றால் ஹாமர் போகும், தேறினால் ஹாமர் நிற்கும் என்பதே அவர் கணக்கு. மைத்துனரின் கை இந்தச் சோதனையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஹாமர் பக்கத்தில் அதற்கு அடி என்று அர்த்தம்.

முதல் சுருதியின் எட்டு ஒலிகளையும் என் வழக்கப்படி நான்கு வினாடிக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஆறுக்குத் தூக்கினார், இரண்டுக்கு விட்டார். பிறகு பொத்தானிலிருந்து கையை எடுத்து, அதிகாரிக்குத் தெரியும்படி இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

உள்ளே விரல் எழுந்தது. நான்கு வினாடி. மறுபடி எழுந்தது. ஆறு முறை எழுந்து இரண்டு முறை நின்றது. கருவியில் விளக்குகூட எரியவில்லை. உலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். தாளம் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத ஐந்து சுருதிகளையும் ஓர் அடி பிசகாமல் அடித்து முடித்தார். கடைசி விரலை இறக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார். தேறிவிட்ட முகம்.

எங்கள் முகங்களைப் பார்த்தார். மேசைமேல் இருந்த என் கைகளைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றினார். வெளியே வந்தார். நேரே மைத்துனரிடம் போனார்.

"நீ ஊதினியா மாப்ளே?"

மைத்துனர் சுவரைப் பார்த்தார். தாளம் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். உதடு தெரிய வேண்டும் அவருக்கு.

"ரெண்டு தரம், மாமா."

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மைத்துனர் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். அவருக்கு நஷ்ட ஈடும், வாயிற்கதவில் வண்டி எண்களை இடது கையால் எழுதும் வேலையும் கிடைத்தன. முதல் ஆண்டுக் கார்டிலேயே ஐம்பத்தைந்து இருந்தது; காது போனது ஹாமரால்தான் என்று ஆனதால் தாளத்தை வேலையிலிருந்து நீக்க முடியவில்லை. யார்டுக்கு அனுப்பினார்கள். மறு சோதனையில் நாலாயிரத்தில் எண்பது. எனக்கு ஒரு குறிப்பாணை. காது சோதனையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் அந்த ஐந்து கார்டுகளிலும் சிவப்புக் கோடு போட்டு, "நம்பத் தக்கதல்ல. பிழை சோதித்தவருடையது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வேறு சில கார்டுகளையும் மறுபடி சோதிக்கச் சொல்லி எழுதினேன். சோதித்தார்கள். ஏழு பேர் ஹாமரிலிருந்து இறங்கி, யார்டில் இடமில்லாததால் வேறு வேறு பிரிவுகளுக்குப் போனார்கள். தாளத்திடம் எண்ணக் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் ஏழு பேரும் இன்றுவரை என்னோடு பேசியதில்லை.

தாளம் யார்டில் இருபத்துநான்கு ஆண்டு தனியாக வேலை பார்த்தார். டேப் ரெக்கார்டர் வீட்டுக்குப் போயிற்று. அவர் அதை மறுபடி தொடவில்லை. மைத்துனர் அக்காள் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஒரே வீட்டில் ஒருவருக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தட்டில் தாளம் போடும் பழக்கம் அன்றோடு நின்றது என்று மனைவி சொன்னார்.

பல் மருத்துவர் வந்துபோன மறுநாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். தாளத்துக்கு இப்போது ஒரு சுருதியும் இல்லை. விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். தெருவுக்கே கேட்கும்படி பேசினார். தன் குரல் எவ்வளவு என்பது அவருக்குத் தெரிவதில்லை.

"என்னப் போடாதீங்க ரைட்டர் சார். நான் பாதிதான் கேட்டேன். முழுசாக் கேட்டது மாப்ள. அவனப் போடுங்க."

மைத்துனர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அந்தப் பாட்டு அன்னிக்கும் பிடிக்கல, இன்னிக்கும் பிடிக்கல சார். மாமா கேட்டாருன்னுதான் அந்தக் கேசட்ட உடைக்காம விட்டேன். அத அவருக்கு எழுதிக் காட்டிறாதீங்க."

நான் எழுதிக் காட்டவில்லை. ரசிகர் மன்றத்துக்குக் கொடுக்கப் பத்தொன்பது பேர் பட்டியலைத் தேதிவாரியாக எழுதி முடித்துவிட்டேன். முதல் வரி இது:

1. இரண்டு டன் ஹாமரை இயக்கியவர். 11.2.1982, பகல் 12.40, ஓய்வுக் கொட்டகை. கேட்டது: பித்தளைத் தட்டு நீங்கலாக, ஒன்பது பாட்டும்.